பிள்ளைகள் புலம்பலை யார் எழுதுவது?

அப்பா போனபோது எனக்கு 17 வயது. வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு ஒழுங்கையில் இரண்டாம் மாடியில் இருந்தோம். 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்து வந்த கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. அட்டையில் அப்பாவின் படம். உள்ளே தேவாரம், வம்சாவளி, அப்புறம் 'மனைவி புலம்பல்', 'பிள்ளைகள் புலம்பல்', 'சகோதரர் புலம்பல்' என்று வரிசையாகப் பாட்டுகள். பிள்ளைகள் புலம்பலுக்கு எட்டு வரி. எழுதியவர் அப்பாவை ஒருநாளும் கண்டதில்லை. எங்களையும் தெரியாது. யாரோ சொல்லி, யாரோ எழுதி, என் பெயரில் வந்திருந்தது.

அந்த எட்டு வரியில் என் அப்பா இல்லை. அப்பா பஸ்ஸில் ஏறினால் டிக்கெட்டை மடித்து மோதிரத்துக்கும் விரலுக்கும் இடையில் சொருகிக்கொள்வார். இறங்கி வீட்டுக்கு வரும்வரை அது அங்கேயே இருக்கும். சாப்பிடக் கை கழுவும்போதுதான் எடுத்துப் போடுவார். அவர் போனபிறகு 100ஆம் இலக்க பஸ்ஸில் ரியூசனுக்குப் போகும்போதெல்லாம் டிக்கெட்டை என் கைக்கடிகார வாருக்குள் சொருகத் தொடங்கினேன். ஏறக்குறைய ஒரு வருடம் அப்படிச் செய்தேன். யாருக்கும் சொல்லவில்லை. என் புலம்பல் அதுதான் என்று விளங்கவே எனக்குப் பல வருடங்கள் எடுத்தன.

துக்கத்தில் இருக்கும் இளம் பிள்ளைகளைப் பற்றி நாங்கள் பேசும்போது பெரும்பாலும் இரண்டு கவலைகளில் ஒன்றைத்தான் சொல்கிறோம். 'பிள்ளை அழவே இல்லை, கல்லு மாதிரி இருக்கிறான்' என்பது ஒன்று. 'அழுது அழுது படிப்பைக் கெடுக்கப்போறாள்' என்பது மற்றது. இரண்டிலும் அளவுகோல் எங்களிடமே இருக்கிறது. எவ்வளவு அழவேண்டும், எப்போது நிறுத்தவேண்டும், யார் முன்னால் அழலாம் என்பதையெல்லாம் பெரியவர்கள் தீர்மானித்து வைத்திருக்கிறோம். அந்தத் தீர்மானத்தில் ஒரு பங்கைப் பிள்ளையிடம் கொடுப்பதுதான் நாங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி என்று நான் நினைக்கிறேன்.

கொழும்பில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் சாவு நடந்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். அடுக்குமாடி வீட்டில் பிரேதத்தை வைத்திருக்க இடமில்லை. மலர்ச்சாலைக்குப் போகிறது. அங்கே வாடகைக்கு மணித்தியாலக் கணக்கு. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பவர்களுக்காக ஒருவர் போனைப் பிடித்துக்கொண்டு நேரலை காட்டுகிறார். அதிலும் பிள்ளையின் முகம்தான் கிட்டத்தில் வருகிறது. பிறகு பொரளை கனத்தைக்கோ மாதம்பிட்டிக்கோ கல்கிசைக்கோ எடுத்துப் போகிறோம். மூத்த மகன் என்றால் மொட்டை, வேட்டி, கொள்ளி. பெண் பிள்ளை என்றால் 'மயானத்துக்குப் பொம்பிளைப் பிள்ளைகள் வாறதில்லை' என்று படியோடு நிறுத்திவிடுகிறோம். சின்னப் பிள்ளை என்றால் பக்கத்து வீட்டில் ஒரு போனைக் கையில் கொடுத்து இருத்திவிடுகிறோம்.

இதற்கிடையில் ஒவ்வொருவரும் வந்து காதில் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். 'தம்பி, இனி நீதான் வீட்டுக்கு ஆம்பிளை.' 'அம்மாவுக்கு முன்னால அழாதை, அவ உடைஞ்சு போயிடுவா.' 'அப்பா டொக்டராக்க ஆசைப்பட்டவர், அதை மறந்திடாதை.' அன்பில்தான் சொல்கிறார்கள், எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த மூன்று வாக்கியத்துக்குள் 15 வயதுப் பிள்ளைக்கு ஒரு குடும்பத்தின் பாரம், தாயின் மனநிலை, ஒரு பரீட்சை மூன்றும் கைமாறிவிடுகின்றன. துக்கப்பட அவனுக்கென்று மிஞ்சும் இடம் குளியலறைதான். தண்ணீரைத் திறந்துவிட்டு அழுத பிள்ளைகள் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

சடங்குகளை நான் குறை சொல்ல வரவில்லை. துடக்கு, எட்டுச்செலவு, அந்தியேட்டி, மாசியம், ஆட்டைத் திவசம் என்று ஒரு வருடத்துக்குத் துக்கத்தை நாள் பிரித்து வைத்திருக்கும் ஒழுங்கு சாதாரண அறிவில் வந்ததல்ல. என்ன செய்வதென்று தெரியாத கைகளுக்கு அது வேலை கொடுக்கிறது. முஸ்லிம் வீடுகளில் மையித்தைக் குளிப்பாட்டி வெள்ளைத் துணியால் கபனிடுவதும், கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க வீடுகளில் மாலை தோறும் செபமாலை சொல்வதும் அப்படித்தான். என் கேள்வி சின்னது: இந்த வேலைகளில் எதைச் செய்ய விருப்பம் என்று பிள்ளையிடம் கேட்டோமா? எட்டுச் செலவுக்கு இறந்தவருக்குப் பிடித்ததை எல்லாம் படைக்கிறோம். அந்தப் பட்டியலை மகளிடம் கேட்டால், அத்தைக்குத் தெரியாத ஒன்று வரும். 'அப்பா ஒபிஸால வரும்போது யாருக்கும் சொல்லாமல் எனக்கும் தனக்கும் இஸ்ஸு வடை (இறால் வடை) வாங்கி வருவார்' என்று சொல்லக்கூடும். படையலில் ஒரு இஸ்ஸு வடை இருந்தால் ஐயர் கோபிக்கமாட்டார்.

துக்கம் பற்றிய ஆய்வுகள் கடந்த 50 ஆண்டுகளில் நிறைய மாறியிருக்கின்றன. நாங்கள் பலர் இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறோம். எலிசபெத் கியூப்ளர் ரோஸ் 1969இல் சொன்ன ஐந்து படிகள் (மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு) எல்லா இடத்திலும் ஒப்புவிக்கப்படுகின்றன. அந்த ஐந்தும் மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசி அவர் கண்டவை. பின்னால் நிற்கும் பிள்ளைகளுக்காகச் செய்த வரைபடமல்ல. 'இவன் இப்போது கோபக் கட்டத்தில் நிற்கிறான்' என்று ஒரு பிள்ளைக்குச் சீட்டு ஒட்டுவது அந்த ஆய்வுக்கும் நியாயமில்லை, பிள்ளைக்கும் நியாயமில்லை.

1999இல் நெதர்லாந்தில் மார்கிரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஸ்குட்டும் வேறொன்றைச் சொன்னார்கள். துக்கப்படும் மனிதர் இரண்டு கரைகளுக்கு இடையில் போய் வந்துகொண்டிருக்கிறார். ஒரு கரையில் இழப்பு: அழுகை, ஏக்கம், படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது. மறு கரையில் அன்றாடம்: வங்கிக் கணக்கு, பாடசாலை, புது வேலைகள், கொஞ்சம் சிரிப்பு. இந்தப் போய்வருதல்தான் ஆரோக்கியம் என்கிறார்கள். ஒரே கரையில் நின்றுவிட்டால்தான் கவலை. பிள்ளைகளிடம் இந்தப் போய்வருதல் இன்னும் வேகமாக நடக்கும். மழை வெள்ளக் குட்டைக்குள் குதித்து, உடனே வெளியே வந்து, ஓடிப்போய் விளையாடி, திடீரென்று இன்னொரு குட்டைக்குள் குதிப்பது மாதிரி. 'அப்பா செத்து ஒரு மாசம் ஆகேல்லை, பொடியன் கிரிக்கெட் பேட்டைத் தூக்கிக்கொண்டு போறான்' என்று சொல்லும் மாமிக்கு இதை ஆறுதலாகச் சொல்லிக் கொடுக்கவேண்டும். அவன் அப்பாவை மறக்கவில்லை. மூச்சு எடுக்கப் போயிருக்கிறான்.

இன்னொரு மாற்றம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. இறந்தவரை 'விட்டுவிட' வேண்டும், பற்றை அறுக்கவேண்டும் என்பதுதான் மேற்கத்தைய மருத்துவத்தில் நெடுங்காலம் இருந்த எண்ணம். 1996இல் டெனிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் ஆகியோர் அதைத் திருப்பிப் போட்டார்கள். உறவு முடிவதில்லை, அதன் வடிவம்தான் மாறுகிறது என்றார்கள். அதற்கு ஆதாரமாக நின்றவற்றில் ஒன்று அமெரிக்காவின் பொஸ்டன் பகுதியில் சில்வர்மனும் வில்லியம் வோர்டனும் தாயையோ தந்தையையோ இழந்த 125 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்துச் செய்த ஆய்வு. அந்தப் பிள்ளைகள் இறந்தவரோடு பேசினார்கள், கனவில் கண்டார்கள், அவருடைய ஏதாவது ஒரு பொருளைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். ஆடி அமாவாசைக்குத் தகப்பனையும் சித்திராப் பௌர்ணமிக்குத் தாயையும் நினைத்து விரதம் இருக்கும் எங்களுக்கு இது புதுச் செய்தியல்ல. ஆனால் எங்கள் பிள்ளை அப்பாவின் சேர்ட்டைத் துவைக்க விடாமல் தலையணைக்குக் கீழே வைத்திருந்தால் மட்டும் பயந்துபோகிறோம்.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. சில பிள்ளைகளிடம் சிக்கல்கள் முதல் வருடத்தைவிட இரண்டு வருடம் ஆனபோதுதான் தெளிவாகத் தெரிந்தன. எங்கள் நாட்காட்டியில் ஆட்டைத் திவசத்தோடு பெரிய கணக்கு முடிகிறது. வீடு வெள்ளையடிக்கப்படுகிறது, கலியாணப் பேச்சு தொடங்குகிறது, விசாரிக்க வருபவர்கள் நின்றுவிடுகிறார்கள். பிள்ளைக்கு அப்போதுதான் தொடங்கியிருக்கும். அதுமட்டுமல்ல, வளர வளரப் புதிதாக இழப்பார்கள். ஏழு வயதில் தாயை இழந்த பெண், சாமத்திய வீட்டில் மாமி தலைக்குத் தண்ணீர் வார்க்கும்போது இன்னொரு தடவை தாயை இழப்பாள். சாதாரண தரப் பெறுபேறு வரும் நாளிலும், கூறைச்சேலை எடுக்கப் போகும் நாளிலும் இழப்பாள். 'பத்து வருசத்துக்குப் பிறகு இப்ப ஏன் அழுகிறாய்' என்று கேட்காமல், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால் போதும்.

சரி, பிள்ளைகள் எப்படிச் சொல்கிறார்கள்? முதலில் சொற்களைப் பார்ப்போம். கொழும்புப் பிள்ளைக்கு மூன்று மொழி. அம்மம்மாவோடு தமிழ், வகுப்பில் பலருக்கு ஆங்கிலம், பாடசாலை வானில் கூட வரும் நண்பனோடு சிங்களம். துக்கமும் அப்படிப் பிரிந்து கிடக்கும். அப்பாவோடு சண்டை பிடித்தது தமிழில், அதற்கு மன்னிப்புக் கேட்க நினைப்பதும் தமிழில். ஆனால் அதை நண்பிக்கு எழுதும்போது ஆங்கிலம் வசதியாக இருக்கும், கொஞ்சம் தள்ளி நின்று சொல்ல முடிகிறது. உதவி செய்ய வருபவர் எந்த மொழி என்று கேட்பது நல்லது. நடுவில் மொழி மாறினால் மாறவிடவேண்டும். தமிழில் பேசக்கூடிய ஓர் உளவளத்துணையாளரைத் தேடிக் கொழும்பு முழுக்க அலைந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். தேடியது வீண்போகவில்லை என்றுதான் அவர்கள் சொன்னார்கள்.

தமிழிலும்கூடப் பிள்ளைகள் 'துக்கம்' என்று சொல்லமாட்டார்கள். அது பத்திரிகைச் சொல். 'ஒரு மாதிரி இருக்கு' என்பார்கள். அல்லது நெஞ்சு அடைக்குது, தலை இடிக்குது, பசிக்கேல்லை. இதை உடைத்து 'ஒரு மாதிரி என்றால் என்ன மாதிரி? கோபமா? கவலையா?' என்று விசாரணை நடத்தவேண்டியதில்லை. 'எப்ப கூட இருக்கு? இரவிலயா?' என்று கேட்டால் பிள்ளை தானாகவே கொஞ்சம் முன்னுக்கு வரும்.

சொற்களே வேண்டாம் என்று இருப்பவர்களும் உண்டு. அம்மாவின் பழைய குரல் பதிவுகளைத் தூங்கமுன் திரும்பத் திரும்பக் கேட்கும் பிள்ளை. வாட்ஸ்அப் படத்தைக் கறுப்பாக்கி மாதக்கணக்கில் மாற்றாதவன். அண்ணனின் சைக்கிளைக் கழற்றி எண்ணெய் போட்டு மறுபடி பூட்டுபவன். தகப்பன் பாடிய பழைய பாட்டைப் பழகுபவள். வெள்ளவத்தைத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கற்களில் போய் உட்கார்ந்து கடலைப் பார்த்துவிட்டு வருபவன். இவற்றில் எதையும் 'வெளிப்பாடு' என்று யாரும் பெயர் வைக்கமாட்டார்கள். கென்னத் டோக்காவும் டெரி மார்ட்டினும் துக்கத்தைச் சிலர் உணர்வாகக் காட்டுவார்கள், சிலர் செயலாகக் காட்டுவார்கள் என்று பிரித்துச் சொன்னது இதைத்தான். சைக்கிளுக்கு எண்ணெய் போடுபவனிடம் 'மனம் விட்டு அழு' என்று சொல்வதைவிட, ஸ்பானரை எடுத்துக் கொடுப்பது மேல்.

எழுதச் சொல்வது இப்போது பலர் பரிந்துரைக்கும் வழி. ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் நடத்திய ஆய்வில் மாணவர்கள் நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம், மனதைப் பாதித்ததை எழுதினார்கள். பிறகு அவர்கள் வைத்தியரிடம் போனது குறைந்திருந்தது. அதிலிருந்து எழுதுவது மருந்து என்று ஒரு நம்பிக்கை பரவிவிட்டது. ஆனால் உறவினரை இழந்தவர்களுக்கு எழுதுவது பொதுவாகக் கைகொடுக்கிறதா என்று ஸ்ட்ரோபும் குழுவினரும் பின்னாளில் பார்த்தபோது அப்படி எல்லாருக்கும் பலன் இருக்கவில்லை. இதை நான் கெட்ட செய்தியாக எடுக்கவில்லை. சிலருக்கு எழுத்து, சிலருக்கு சைக்கிள். கட்டாயப்படுத்தி எழுதவைத்தால் அது தண்டனை. அழகான கொப்பி ஒன்றை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, ஒருநாளும் திறந்து பார்க்காமல் இருப்பது உதவி.

எங்கள் நாட்டிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, போரில் அகப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகளைக் களிமண், வண்ணம், கதை, நாடகம் என்று ஒன்றாகச் சேர்த்தது. என்ன நடந்தது என்று சொல் என்பதில் தொடங்காமல், களிமண்ணைக் கையில் கொடுத்துத் தொடங்கினார்கள். பிள்ளை யானை செய்தால் அது யானை.

இன்னும் பின்னால் போனால், புறநானூற்றின் 112ஆம் பாட்டு இருக்கிறது. தகப்பனை இழந்த பாரி மகளிர் சொன்னது. ஐந்தே வரி. அன்றைய நிலவில் அப்பாவும் இருந்தார், எங்கள் மலையும் எங்களிடம் இருந்தது. இன்றைய நிலவில் மலையும் இல்லை, அப்பாவும் இல்லை. அவ்வளவுதான். அழுதோம் என்று ஒரு சொல் அதில் இல்லை. இந்தத் துறைக்குப் புலவர்கள் கையறுநிலை என்று பெயர் வைத்தார்கள். கபிலர் பாரியை எத்தனையோ பாட்டில் பாடியிருக்கிறார், ஆனால் பிள்ளைகளின் பாட்டை அவர் எழுதிக் கொடுக்கவில்லை. அவர்கள் நிலவை எடுத்துக்கொண்டார்கள். என் கல்வெட்டில் வந்த எட்டு வரியை நினைக்கும்போதெல்லாம் இந்த ஐந்து வரியும் நினைவுக்கு வரும்.

கொழும்பில் வளரும் சில பிள்ளைகளின் இழப்பு அவர்களுடையதாக மட்டும் இருப்பதில்லை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பிலும், மட்டக்களப்பிலும், கொழும்பின் பெரிய விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜம்பட்டா வீதிப் பக்கத்தில் அடுத்தடுத்த வீடுகளில் வெள்ளைக்கொடி. அன்று பத்து வயதாக இருந்த பிள்ளைகள் இன்று உயர்தர வகுப்புப் பருவத்தில் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஏப்ரலும் நாடு அவர்களுடைய தாயை, தம்பியை நினைவுகூர்கிறது. காலை 8.45க்கு மணி அடிக்கிறது, கமராக்கள் வருகின்றன, அரசியல்வாதிகள் பேசுகிறார்கள். சிலருக்கு அந்தக் கூட்டம் ஆறுதல். சிலருக்கு அந்த நாளில் கொழும்பிலேயே இருக்க முடியாது. இரண்டுக்கும் இடம் வேண்டும். துக்கப்பட்ட பிள்ளை சாட்சியாகவோ சின்னமாகவோ இருக்கக் கடமைப்பட்டதல்ல. பேட்டி எடுக்க வருபவர் பெற்றோரிடம் அனுமதி கேட்டால் மட்டும் போதாது. பிள்ளையிடம் கேட்டு, 'வேண்டாம்' என்று சொன்னால் கமராவை மூடவேண்டும்.

2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி இறுதி வரை கொவிட்டில் இறந்தவர்களைக் கட்டாயமாக எரித்தார்கள். தெமட்டகொடையிலும் மாளிகாவத்தையிலும் எத்தனை முஸ்லிம் பிள்ளைகள் வாப்பாவின் மையித்தைக் காணாமலே இருந்திருப்பார்கள். குளிப்பாட்டவில்லை, கபனிடவில்லை, ஒரு பிடி மண் போடவில்லை. 20 நாள் குழந்தை ஒன்றும் பொரளையில் எரிக்கப்பட்டபோது, சனங்கள் கனத்தையின் வேலியில் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கொண்டுபோய்க் கட்டினார்கள். யாரும் சொல்லிக் கொடுத்த சடங்கல்ல அது. தடுக்கப்பட்ட கபனுக்குப் பதிலாகக் கைக்கு வந்த ஒன்று. துணிகளை இரவோடு இரவாக அகற்றினார்கள், மறுபடியும் கட்டினார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அந்த வயதில் அதைக் கண்ட பிள்ளைக்கு இழப்போடு அநீதியும் சேர்ந்திருக்கிறது. அவனிடம் 'எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், விடு' என்று சொல்வதற்கு முன் அவன் கோபத்தைக் கேட்கவேண்டும். கோபமும் துக்கத்தின் மொழிதான்.

ஊர் ஏற்றுக்கொள்ளாத துக்கங்களும் உண்டு. டோக்கா 1989இல் இதற்கும் ஒரு பெயர் வைத்தார்: உரிமை மறுக்கப்பட்ட துக்கம். ரியூசன் வகுப்பில் பழகி, வீட்டில் யாருக்கும் தெரியாத காதல் இருந்தது. விபத்தில் பையன் போய்விட்டான். செத்த வீட்டுக்கு அந்தப் பிள்ளை சிநேகிதிகளோடு சேர்ந்து 'வகுப்பில் படித்தவள்' என்று போய், இரண்டு நிமிடம் நின்று, சீருடையோடு திரும்பி வரவேண்டும். வீட்டில் அன்றிரவு புட்டுக்கு ஏன் கறி எடுக்கவில்லை என்று கேட்பார்கள். அந்தப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? ஒரு சின்னம்மாவோ, ஒரு ரீச்சரோ, 'எனக்குத் தெரியும், நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்' என்று சொல்லக்கூடிய ஓர் ஆள் போதும்.

தற்கொலையால் வந்த சாவு என்றால் வீடு முழுக்க 'ஹார்ட் அட்டாக்' என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. பிள்ளை உண்மையைத் தெரிந்துகொண்டே பொய்யைக் காப்பாற்ற வேண்டியிருக்கும். வெளியாட்களுக்கு என்ன சொல்வது என்பதைப் பிள்ளையோடு சேர்ந்து முடிவுசெய்யுங்கள். வீட்டுக்குள் மட்டுமாவது உண்மையைப் பேசுங்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகளில் இன்னொரு வலி. 2008, 2009இல் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் 11 இளைஞர்கள் கடத்தப்பட்ட வழக்கு எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட வீடுகளில் திவசத்துக்குத் திகதி இல்லை. படத்துக்கு மாலை போட்டால் தாய்க்குக் கோபம், போடாவிட்டால் தங்கைக்கு ஏக்கம். போலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைத் தெளிவற்ற இழப்பு என்றார். இங்கே 'ஏற்றுக்கொள்' என்று யாரும் யாரையும் அவசரப்படுத்தக்கூடாது. ஒரே வீட்டில் ஒருவர் நம்பிக்கையோடும் ஒருவர் துக்கத்தோடும் இருக்கலாம்.

சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 'அப்பா வெளிநாடு போயிட்டார்' என்று சொல்லாதீர்கள். கொழும்புப் பிள்ளைக்கு வெளிநாடு போன மாமா டிசம்பரில் சொக்லேட்டோடு திரும்பி வருவார் என்று தெரியும். அப்பா மட்டும் ஏன் வரவில்லை என்று அது தன்னைத்தான் குற்றம் சொல்லும். 'தூங்குகிறார்' என்றால் தூங்கப் பயப்படும். செத்துப்போனார், உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது, இனி வரமாட்டார், அது உன் பிழையில்லை. இதைத் தமிழில் மெதுவாகச் சொல்லலாம்.

பாடசாலைகளுக்கு வருகிறேன். பிள்ளை திரும்பி வரும் முதல்நாள் காலைக் கூட்டத்தில் அவன் தகப்பனுக்காக ஒரு நிமிடம் மௌனம் கடைப்பிடிப்பது மரியாதை என்று நினைக்கிறோம். 1,500 பேர் திரும்பிப் பார்க்கும்போது அவன் எங்கே பார்ப்பான்? முதல்நாள் இரவே வகுப்பு ஆசிரியர் ஒரு போன் எடுத்து, 'வகுப்பில நான் ஏதாவது சொல்லட்டா, ஒண்டும் சொல்லாமல் விடட்டா?' என்று கேட்டால் போதும். அழுகை வந்தால் அனுமதி கேட்காமல் எழுந்து போகலாம் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். 'எனது தந்தை' என்று கட்டுரை எழுதச் சொல்லும் வாரத்தில் இன்னொரு தலைப்பும் கொடுக்கலாம். அவன் 'எனது தந்தை'யையே தெரிவு செய்யவும் கூடும், தெரிவு அவனுடையதாக இருக்கட்டும். எனக்கு அந்தக் கட்டுரை வந்த வாரம் ரீச்சர் என்னிடம் 'நீர் எழுதவேண்டாம்' என்றார், எல்லார் முன்னாலும். எழுதவேண்டும்போல் இருந்தது எனக்கு.

நண்பர்களிடமும் கொஞ்சம் பேசவேண்டும். இந்த வயதில் பிள்ளைகள் பெரியவர்களிடம் சொல்வதைவிடத் தங்கள் வயதினரிடம்தான் சொல்வார்கள். நண்பர்களுக்கோ என்ன பேசுவதென்று தெரியாது, அதனால் விலகிவிடுவார்கள். 'ஒன்றும் சொல்லத் தேவையில்லை, பின்னேரம் கூட்டிக்கொண்டு போய் கொத்து வாங்கிக் கொடு' என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

எப்போது மட்டும் பிள்ளையின் போக்கிலேயே விடக்கூடாது? ஆறு மாதம் தாண்டியும் ஏக்கம் ஒரு சொட்டும் இறங்காமல், படிப்பு, தூக்கம், சாப்பாடு எல்லாம் நின்றுபோயிருந்தால் அதை நீடித்த துக்கக் குறைபாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு இப்போது கணக்கெடுக்கிறது. அதற்கு உதவி உண்டு. தன்னைக் காயப்படுத்துவது, குடிக்கப் பழகுவது, 'நானும் அப்பாட்டப் போகப்போறன்' என்பது இவற்றுக்கு ஆறு மாதம் காத்திருக்கக்கூடாது. 'சாகவேணும்போல இருக்கா?' என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. இருந்தால் வெளியே வரும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். சிறுவர்களுக்கு 1929. கொழும்பில் 1974 முதல் இயங்கும் சுமித்ராயோ என்ற உதவி அமைப்பில் பெயர் சொல்லாமலே பேசலாம்.

போன வருடம் என் ஒன்றுவிட்ட அக்கா காலமானார். இரண்டு பிள்ளைகள், 14 வயது மகளும் 11 வயது மகனும். கல்வெட்டு வேலை என்னிடம் வந்தது. அச்சகத்தில் ஆயத்தமாக இருந்த பிள்ளைகள் புலம்பலை வேண்டாம் என்று சொல்லி, இரண்டு பேரிடமும் கேட்டேன்: ஒரு பக்கம் இருக்கிறது, என்ன வேணுமெண்டாலும் போடலாம், போடாமலும் விடலாம். மகள் மூன்று நாள் ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் நாள் ஒரு தாளைத் தந்தாள். தாயின் குரல் பதிவுகளைக் கேட்டு அவள் எழுதிவைத்த சொற்கள். 'கதவப் பூட்டினியா.' 'சார்ஜரக் கழட்டு.' 'தம்பிக்கு ஒரு முட்டை பொரிச்சுக் குடு.' 'வாறன் வாறன், பஸ்ல நிக்கிறன்.' மேலே 'புலம்பல்' என்று போடவேண்டாம் என்றாள். போடவில்லை. மகன் தன் பாதியில் ஒன்றும் வேண்டாம் என்றான், பெயர் மட்டும் கீழே இருக்கட்டும் என்றான்.

அச்சகத்திலிருந்து போன் வந்தது. ஒன்பதாம் பக்கத்தில் பாதி வெறுமையாக இருக்கிறது, ஏதோ விடுபட்டுப் போயிருக்கிறதா, ஒரு பூப் படம் போடவா என்று கேட்டார்கள். பக்கத்தில் நின்ற மகனைப் பார்த்தேன். தலையை ஆட்டினான்.

"இல்லை, ஒண்டும் விடுபடேல்லை. அப்பிடியே அடியுங்கோ" என்றேன்.